பான்யூல்ஸ் மலையில் பத்து நாள்

ஒயின் விளைகிற ஊரில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் நம்மூரில் முதலில் ஒரு சிரிப்புத்தான் வருகிறது. "இங்கே கிடைக்காததா அங்கே கிடைக்கப் போகிறது?" என்று ஒரு நண்பர் கேட்டே விட்டார். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கேலி பழகிப்போன ஒன்று. ஆனால் நான் அங்கே பார்த்தது குடியை அல்ல, உழவை. செங்குத்தான மலைச்சரிவில் கல் மேல் கல் அடுக்கி, ஓடிப்போகிற மண்ணைப் பிடித்து நிறுத்தி, கடலுக்கு நேர் மேலே திராட்சைக் கொடி வைக்கிற குடியானவர்களைப் பார்த்தேன். அதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி, பிரேனே மலைத்தொடர் அட்லாந்திக் பக்கம் தொடங்கி மத்தியதரைக் கடலில் வந்து முடிகிறது. அந்தக் கடைசி மலைக்கு அல்பேர் என்று பெயர். மலை மெல்லச் சரிந்து சமவெளியாகி, பிறகு கடல் வருகிறது என்று நினைக்காதீர்கள். மலை அப்படியே கடலுக்குள் இறங்குகிறது. அந்தக் கரைக்குக் கோத் வெர்மெய், அதாவது செந்நிறக் கரை என்று பெயர். கொலியூர், போர்-வாந்த்ர், பான்யூல்ஸ், செர்பேர் என்று வரிசையாக நான்கு ஊர்கள். அதற்கு அப்பால் ஸ்பெயின்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்கு இந்தப் பெயர்கள் புதியவை அல்ல. பிரான்சின் மலைகளையும் ஆறுகளையும் வரிசையாக ஒப்பித்தவர்கள் நாங்கள். நம்ம செஞ்சியாறு எங்கே புறப்படுகிறது என்பது அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. அறுபது வருடத்துக்கு முன் மனப்பாடம் செய்த மலை என் கண்ணெதிரே வந்து நின்றபோது மனத்துக்குள் ஏதோ செய்தது உண்மைதான்.

நான் அங்கே போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா ஒரு சொல்தா. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1962இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. பெரியப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசி எடுத்த இரண்டு முடிவுகள். அதனால் பெரியப்பா மகன், என் அண்ணன், பிரெஞ்சுக்காரர் ஆனார். நான் இந்தியன். அவர் படையில் சேர்ந்து பென்ஷனோடு வெளியே வந்து, பெர்ப்பிஞான் நகரத்தில் ஒரு வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். நான் இங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓய்வு பெற்றேன். அண்ணன் மகளைப் பான்யூல்ஸ் ஊரில் ஒரு திராட்சை விவசாயியின் மகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சம்பந்தி வீட்டில்தான் 2023 செப்டம்பரில் அறுவடை நேரத்தில் தங்கினோம்.

பெர்ப்பிஞானிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். முதலில் தட்டையான தோட்டங்கள். பிறகு ஒரு சுரங்கம், அதைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் கடல். அப்புறம் இன்னொரு சுரங்கம், மறுபடி கடல். நம்ம பீச் ரோட்டுப் பாறைகள் லாரியில் வந்தவை. துறைமுகம் கட்டியபின் மணல் போனதால், கரையைக் காப்பாற்றக் கொண்டுவந்து கொட்டியவை. அங்கே பாறை யாரும் கொட்டியதல்ல. கறுப்பும் பழுப்புமாக, சிலேட்டுப் பலகையை அடுக்கி வைத்ததுபோல் ஏடு ஏடாகப் பிளந்து நிற்கிறது. ஷிஸ்ட் என்கிறார்கள். பேயார் முனை என்று ஒரு முனை இருக்கிறது. அங்கே இளஞ்சிவப்புச் சலவைக்கல்லில் 1905இல் கட்டிய ஒரு கலங்கரை விளக்கம். வடமேற்கிலிருந்து த்ராமோந்தான் என்று ஒரு காற்று அடிக்கும். நான் போன அன்று அந்த முனையில் தொப்பி பறந்துபோகாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் சிரித்தார். "இது சின்னக் காற்று தம்பி" என்றார்.

இப்போது திராட்சைக்கு வருகிறேன். நம்ம பக்கம் திராட்சை என்றால் கம்பம் பள்ளத்தாக்கு. பந்தல் போட்டு, கொடி மேலே படர்ந்து, கொத்துக் கொத்தாகப் பன்னீர்த் திராட்சை தலைக்கு மேல் தொங்கும். பான்யூல்ஸில் பந்தலும் கிடையாது, கம்பியும் பெரும்பாலும் கிடையாது. முழங்கால் உயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிற கட்டைக் கொடி. காற்று அடிக்கிற இடத்தில் உயர வளர்த்தால் ஒடிந்துவிடும். கிரெனாஷ் என்கிற கறுப்பு ரகம்தான் அதிகம். அது காற்றையும் வறட்சியையும் தாங்கும். வேர், ஷிஸ்ட் கல்லின் பிளவுகளுக்குள் புகுந்து கீழே தண்ணீரைத் தேடிப் போகிறது.

ஒரு குடும்பத்து நிலம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சம்பந்திக்கு மூன்று ஹெக்டேர். நம்ம கணக்கில் ஏழரை ஏக்கருக்குப் பக்கம். அது பதினொரு துண்டாக மூன்று மலைச்சரிவில் சிதறிக் கிடக்கிறது. நில வரைபடத்தை எனக்காக மேசையில் விரித்தார். பட்டா நகல்களோடு காலம் போனவன் ஆகையால், எனக்கு அதைப் பார்த்ததும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் கோடு போடுகிறது.

சரிவு கடுமையானது. டிராக்டர் ஏறாது. பழைய காலத்தில் கோவேறு கழுதை. அறுவடை முழுக்கக் கைதான். மண் சரியாமல் இருக்கச் சரிவை வெட்டிப் படிப்படியாக்கி, ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு கல்சுவர் வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்போ சிமென்டோ கிடையாது. கல்லைத் தேர்ந்து, திருப்பி, பொருத்தி வைப்பதுதான். அந்த நான்கு ஊரிலுமாக இப்படிப்பட்ட சுவர்கள் மொத்தம் 6,000 கிலோமீட்டர் வரும் என்று அங்கே சொல்கிறார்கள். இந்த மாதிரிக் காரையில்லாத கல்சுவர் வேலையை யுனெஸ்கோ 2018இல் பிரான்ஸ் உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் பாரம்பரியக் கலையாகப் பட்டியலில் சேர்த்தது.

சுவரைவிட என்னைக் கவர்ந்தது வடிகால். அங்கே மழை குறைவு. ஆனால் வந்தால் இலையுதிர் காலத்தில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிடும். 1940 அக்டோபரில் வந்த வெள்ளத்தை இன்றும் அந்தப் பகுதியில் பேசுகிறார்கள். அந்தத் தண்ணீர் சரிவில் நேராக இறங்கினால் மண் முழுக்கக் கடலுக்குப் போய்விடும். அதனால் சரிவின் மேல் குறுக்கும் சாய்வுமாகக் கல் பதித்த கால்வாய்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிற சின்னக் கால்வாய்கள் நடுவிலிருக்கும் பெரியதில் வந்து சேரும். தூரத்திலிருந்து பார்த்தால் சேவலின் கால் விரல்கள் மாதிரி இருக்கும். பெயரும் அதுதான், கத்தலான் மொழியில் 'சேவல் கால்'. தண்ணீரின் வேகத்தைப் பிரித்து, அடக்கி, சுவரை உடைக்காமல் கீழே கொண்டுபோய் விடுகிறது. நம் ஏரி மதகையும் கலங்கலையும் கட்டியவர்கள் பார்த்தால் தலையாட்டியிருப்பார்கள்.

ஒயினைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த நண்பர் விடமாட்டார். அங்கே இரண்டு வகை. ஒன்று கொலியூர் என்கிற பெயரில் வரும் சாதாரண ஒயின். இன்னொன்று பான்யூல்ஸ். இது இனிப்பானது. இதற்கு 1936இலேயே ஊர்ப்பெயர் உரிமை கிடைத்துவிட்டது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதன் மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் எல்லைக்குள் விளைய வேண்டும், எந்த ரகம் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. பான்யூல்ஸ் இனிப்பு ஒயினுக்கு ஹெக்டேருக்கு 30 ஹெக்டோலிட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 1,200 லிட்டர். "நல்ல வருடத்தில்தான் அந்தக் கவலை. இப்போதெல்லாம் அதில் பாதி வந்தாலே நான் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்" என்றார் சம்பந்தி.

இதைச் செய்கிற விதம் நமக்குச் சுலபமாகப் புரியும். பனையில் பாளை சீவிக் கலயம் கட்டும்போது கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு, சாறு புளிக்காமல் தடுக்கிறது. பான்யூல்ஸில் திராட்சைச் சாற்றைப் புளிக்க விடுகிறார்கள். ஆனால் சர்க்கரை முழுவதும் சாராயமாக மாறுவதற்கு முன், பாதி வழியில், சாற்றின் அளவில் 5 முதல் 10 சதவீதம் வரை சுத்தமான சாராயத்தைச் சேர்க்கிறார்கள். நொதி செத்துவிடும். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இதற்கு முத்தாழ் என்று பெயர். ஊமையாக்குவது என்று பொருள். பொங்கிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த தொட்டி சட்டென்று அடங்கிப்போவதைப் பார்த்தேன். பொருத்தமான பெயர்தான். இந்த முறையைப் 13ஆம் நூற்றாண்டில் மோன்பெலியேயில் வைத்தியம் கற்பித்த அர்னோ தெ வில்நெவ் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். வைத்தியர் என்றதும் எனக்கு ஒரு நிம்மதி.

பிறகு பீப்பாயில் ஊறப் போடுகிறார்கள். கிராந் க்ரூ என்கிற உயர்ந்த வகை குறைந்தது 30 மாதம் மரத்தில் இருக்க வேண்டும். சிலர் பெரிய வயிறு கொண்ட கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி வெட்டவெளியில் வைத்துவிடுகிறார்கள். பகலில் வெயில், இரவில் குளிர். நம் வீட்டு மொட்டை மாடியில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி வெயில் காய்வது போலத்தான். நிறம் கறுப்பிலிருந்து காப்பி நிறத்துக்கு வந்துவிடும். சம்பந்தி ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி, கூடவே கசப்புச் சாக்லேட் ஒரு துண்டு வைத்தார். உலர்ந்த அத்திப்பழம், காப்பி, கடைசியில் கருப்பட்டி மாதிரி ஒரு வாசம். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை அண்ணி நினைவூட்டினார். ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டேன்.

சம்பந்தியோடு பேசுவதில் சிரமம் இல்லை. பாரீஸ் ஆட்கள் வார்த்தையின் கடைசியை விழுங்கிவிடுவார்கள். இந்தப் பக்கத்தார் கடைசி எழுத்துவரை உச்சரிக்கிறார்கள், 'ர'வையும் நம் மாதிரி உருட்டுகிறார்கள். நான் அவரை மிசியே என்றேன். இரண்டாம் நாளே, சம்பந்தியை மிசியே என்று கூப்பிடக் கூடாது என்று கோபித்துக்கொண்டார்.

அவருக்கு 74 வயது, என் வயதுதான். நான் போன நேரத்தில் அவர் ஒரு பெரிய கவலையில் இருந்தார். 2022லும் 2023லும் அந்த மாவட்டத்தில் கடும் வறட்சி. கார் கழுவத் தடை, நீச்சல் குளம் நிரப்பத் தடை. சரிவுத் தோட்டங்களுக்கு மழையை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. ஏப்ரல் மாதத்திலேயே, கோடை வருவதற்கு முன்பே, செர்பேர் பக்கம் காட்டுத்தீ பிடித்து ஆயிரம் ஹெக்டேரை ஒட்டி எரிந்துவிட்டது. ஒரு காலத்தில் திராட்சை இருந்து, கைவிடப்பட்டு, புதர் மண்டிய சரிவுகள்தான் தீக்கு நல்ல தீனி. கொத்திச் சுத்தமாக வைத்த தோட்டத்தில் எரிய என்ன இருக்கிறது? தீ அங்கே வந்து நிற்கும். அந்த ஊரில் திராட்சைத் தோட்டம் விவசாயம் மட்டுமல்ல, ஊருக்கு வேலியும் அதுதான்.

மாப்பிள்ளை பெர்ப்பிஞானில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நிலத்துக்குத் திரும்பமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். வடக்கிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி, கீழ்ச்சரிவில் உள்ள இரண்டு ஹெக்டேரைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். மேல்சரிவில் உள்ள ஒரு ஹெக்டேரை யாரும் கேட்கவில்லை. அங்கே ஏறுவதே முக்கால் மணி நேரம், விளைச்சலும் சொற்பம். அதை விட்டுவிடுங்கள் என்பது மாப்பிள்ளையின் யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே உள்ள சேவல் கால் வடிகாலில் மண்ணும் இலையும் அடைத்துக்கொண்டால், அடுத்த பெருமழையில் தண்ணீர் கால்வாயை விட்டு வெளியே பாயும். முதலில் மேல்சுவர் சரியும். அந்தக் கல்லும் மண்ணும் சேர்ந்து அடுத்த சுவரில் மோதும். இப்படியே கீழே வரை. ஆக, மேலே விட்டவன் கீழே உள்ளவனையும் சேர்த்துத்தான் விடுகிறான்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவதைக் கவனித்தேன். காரணம் எனக்குத் தெரியும். புதுச்சேரியில் எங்கள் பூர்வீக வீடு இரண்டு பாகம். தெருவைப் பார்த்து வலது பக்கம் எங்களுடையது, இடது பக்கம் பெரியப்பாவுடையது. இடது பக்கம் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. மாடித் தூம்பு அடைத்து, சுவரில் அரசங்கன்று முளைத்து, மழைத் தண்ணீர் நடுச்சுவர் வழியாக என் பக்கத்து அறைக்குள் இறங்குகிறது. நம் ஊரில் இப்படிப் பூட்டிய வீடுகள் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழுது பார்த்து வாடகைக்கு விடலாம், ஓர் அதிகாரப் பத்திரம் அனுப்புங்கள் என்று ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடியாது என்றும் சொல்லமாட்டார், அனுப்பவும் மாட்டார்.

நடுவில் நான்கு நாள் சுற்றிப் பார்த்தோம். கொலியூரில் கடலுக்குள் கால் வைத்து நிற்கிற ஒரு மாதா கோயில், அதன் மணிக்கூண்டு ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாக இருந்தது. 1905 கோடையில் மத்தீஸும் தெரேனும் இந்த ஊருக்கு வந்து வரைந்த படங்களால்தான் ஓவிய உலகில் ஒரு புதுக் காலம் பிறந்தது. அங்கே உப்பில் ஊறப்போடும் நெத்திலி பிரசித்தம். பீப்பாயில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு என்று அடுக்கி, மேலே பாரம் வைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கருவாட்டு வாசம் தெரிந்த மூக்குக்கு அந்த ஊர்ச் சந்து அந்நியமாக இல்லை. பான்யூல்ஸில் பிறந்த சிற்பி மய்யோல் ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கில் தன் பண்ணை வீட்டருகே அடக்கமாகியிருக்கிறார். கல்லறை மேல் அவரே செய்த பெண் சிலை தலை சாய்த்து உட்கார்ந்திருக்கிறது.

கொலியூர்க் கல்லறைத் தோட்டத்தில் ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோவின் சமாதி இருக்கிறது. 1939இல் உள்நாட்டுப் போரில் தோற்ற லட்சக்கணக்கான மக்கள் இந்த எல்லையைக் கடந்து வந்தார்கள். அவர்களோடு அவரும் வயதான தாயும் வந்தார்கள். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 22 அன்று இறந்தார். மூன்று நாளில் தாயும் போய்விட்டார். சமாதிக்குப் பக்கத்தில் ஒரு தபால் பெட்டி வைத்திருக்கிறார்கள். மக்கள் இன்னமும் அவருக்குக் கடிதம் போடுகிறார்கள். அண்ணன் அங்கே வெகுநேரம் நின்றார்.

செர்பேர் எல்லை ஊர். ஸ்பெயின் ரயில் பாதையின் அகலம் வேறு, பிரான்சின் அகலம் வேறு. அதனால் ஸ்பெயினிலிருந்து வந்த ஆரஞ்சு முழுவதையும் பெண்கள் கூடை கூடையாக ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாற்றிய காலம் ஒன்று இருந்தது. 1906இல் அவர்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். எழும்பூரில் மீட்டர் கேஜில் இறங்கி, சென்ட்ரலில் பிராட் கேஜ் ஏறிய நம் தலைமுறைக்கு அந்தத் தொல்லை புரியும்.

எட்டாம் நாள் சம்பந்தி மேல்சரிவுக்குப் போகிறேன் என்றார். நாங்களும் கிளம்பினோம். ஒரு சுவரில் இரண்டு கஜ நீளத்துக்குக் கல் சரிந்திருந்தது. விழுந்த கற்களை முதலில் பெரியது, நடுத்தரம், சிறியது என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தார். அடியில் பெரிய கல். ஒவ்வொரு கல்லும் சற்றே உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு கல் சேரும் இடத்துக்கு நேர் மேலே மூன்றாவது கல்லின் நடுப்பகுதி வர வேண்டும். பின்னால் சின்னச் சில்லுகளைப் போட்டு நிரப்ப வேண்டும், அப்போதுதான் தண்ணீர் கசிந்து வெளியே போகும். சுவர் தண்ணீரைத் தடுக்கக் கூடாது, வடியவிட வேண்டும். அண்ணன் வருடாவருடம் இந்த வேலைக்கு வருகிறவர், கல்லைப் பார்த்தவுடன் எங்கே பொருந்தும் என்று சொல்கிறார். நான் சில்லு பொறுக்கிக் கொடுத்தேன்.

மதியம் ரொட்டியும் நெத்திலியும் சாப்பிட்டுவிட்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் தமிழில் என்னிடம் சொன்னார். "அந்த வீட்டைப் பழுது பார்த்து வேறொருத்தர் குடி வந்துட்டா, நான் திரும்பி வர எனக்கு ஒரு இடம் இல்லைன்னு ஆயிடும் தம்பி. பூட்டி வச்சிருக்கற வரைக்கும் அது என் வீடு."

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு அப்போது 77 வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. வரமாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "முன் அறையை உங்களுக்கு என்று வைத்துவிட்டு மிச்சத்தை விடலாம் அண்ணே. தூம்பைச் சரி செய்யாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் அந்த முன் அறையும் இருக்காது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கல் எடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் குத்தகைப் பேச்சு நடந்தது. இளம் தம்பதி வந்திருந்தார்கள். கீழ் இரண்டு ஹெக்டேரைச் சம்பந்தி விட்டுக்கொடுத்தார். மேல் ஹெக்டேரில் இனிப் புதுக்கொடி நடுவதில்லை, இருக்கிற கிழக்கொடி இருக்கிற வரை இருக்கட்டும் என்று முடிவு. ஆனால் மேலுள்ள வடிகாலை ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் இரண்டு தரப்பும் சேர்ந்து சுத்தம் செய்ய வேண்டும் என்று பேசி, எழுத்தில் வைத்தார்கள். நிலம் வேண்டாம் என்ற மாப்பிள்ளை, அந்த இரண்டு மூன்று நாளுக்கு நான் வருகிறேன் என்று தானாகவே ஒத்துக்கொண்டார். சம்பந்தி முகத்தில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. இறக்கி வைத்த களைப்பு இருந்தது.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் அண்ணன் என்னைப் பெர்ப்பிஞானில் ஒரு நொத்தேரிடம் கூட்டிப்போனார். வாடகைக்கு விடவும் பழுது பார்க்கவும் அதிகாரம், விற்க அதிகாரம் இல்லை. தெருப்பக்க அறை தன் வசம். நான்கு வரியில் எழுதச் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "அரசங்கன்றை வெட்டினா மட்டும் போதாது, வேரோட எடுக்கணும்" என்றார். இவ்வளவு வருடமும் அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

வேரோடு எடுத்தோம். தூம்பு மாற்றியாகிவிட்டது. இடது பக்கத்தில் இப்போது ஓர் ஆசிரியர் குடும்பம் இருக்கிறது. முன் அறையில் பெரியப்பா படத்தையும் ஒரு நாற்காலியையும் வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை திறந்து பெருக்குகிறோம்.

நம்மில் பலருக்குப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். போகிறவர்கள் பாரீஸோடு திரும்பிவிடாமல் இந்தப் பக்கமும் போய்ப் பாருங்கள். செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள், கூட்டமும் குறைவு. நல்ல செருப்பு போதாது, ஷூ வேண்டும், காற்றுக்கு ஒரு சட்டை அதிகம் வேண்டும். தோட்டங்களுக்கு நடுவில் நடப்பதற்குப் பாதைகள் இருக்கின்றன. ஒன்றே ஒன்று, படம் எடுக்க வேண்டும் என்று அந்தச் சுவர்களின் மேல் ஏறாதீர்கள். காரை கிடையாது, ஒரு கல் நகர்ந்தால் மற்றதும் வந்துவிடும். அடுக்கி வைக்க அங்கே இப்போது ஆள் குறைவு.